ஒரு சுரப்பியின் நோயும் பல நாட்டு மக்களின் மரபும்

ஐம்பதைக் கடந்த ஆடவர் பிறரிடம் சொல்லக் கூசும் தொல்லைகளுள் சிறுநீர்த் தொல்லை ஒன்று. இரவில் பன்முறை எழ நேரிடுவதையும், நீர் தடைப்பட்டு இறங்குவதையும் வயதின் கோளாறு என்று பொறுத்துக்கொள்பவரே மிகுதி. பெரும்பாலும் அது வயதின் கோளாறே. மூத்திரப்பையின் அடியில் பெரிய நெல்லிக்காயளவு அமைந்துள்ள புராஸ்டேட் என்னும் சுரப்பி பருத்துவிட்டதன் விளைவு. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றக்கூடும். தொடக்கத்தில் அது எவ்வித அறிகுறியும் காட்டாமலே இருப்பதும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 14½ இலட்சம் பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இதனால் மாண்டனர்.

இந்நோய் எல்லா மக்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இங்கிலாந்தில் 2008 முதல் 2010 வரை திரட்டிய கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவோர் கறுப்பரில் நால்வரில் ஒருவர், வெள்ளையரில் எண்மரில் ஒருவர், ஆசிய வழியினரில் 13 பேரில் ஒருவர் எனத் தெரிந்தது. ஒரே நாட்டில் வாழும் மக்களிடையே இத்துணை வேறுபாடு ஏன்? விடையில் ஒரு பகுதி மரபில் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று தந்தவர்கள் இரட்டையர்கள். டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டையரின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். இந்நோய் ஒருவருக்கு வருவதும் மற்றவருக்கு வராதிருப்பதுமாகிய வேறுபாட்டில் நூற்றுக்கு 57 பங்கு மரபைச் சார்ந்தது என்பது அம்முடிவு. புற்றுநோய்களுள் இவ்வளவு மரபுத் தொடர்புடையவை சிலவே.

ஆயினும் விதை மட்டும் விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானில் இந்நோய் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஹவாய்த் தீவுகளிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய ஜப்பானியரிடமோ அது தாய்நாட்டினரைவிட மிகுந்து காணப்பட்டது. அங்குள்ள வெள்ளையரின் அளவுக்கு மட்டும் உயரவில்லை. அதே விதைதான், மண் வேறு. உணவு, உடற்பருமன், பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் ஆகியவை எல்லாம் அந்த மண்ணில் அடங்கும். தேடுகிற இடத்தில்தானே நோயும் மிகுதியாக அகப்படும்!

மரபில் எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த வரலாறு நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். அமெரிக்காவிலுள்ள ஆப்பிரிக்க வழியினரின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். பின்னர் ஐரோப்பியக் கலப்பும் நேர்ந்தது. ஆதலால் மரபணுக்களைத் தாங்கும் அவர்களுடைய குரோமோசோம்கள், இரு நிற நூல் கலந்து நெய்த துணியை ஒக்கும். புராஸ்டேட் புற்றுநோயுற்ற பலருடைய ‘துணி’களை விரித்து ஒப்பிட்டபோது, மற்ற இடங்களில் இரு நிறமும் வழக்கமான அளவில் இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஆப்பிரிக்க நூல் அளவுக்கு மீறித் தென்பட்டது. எட்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 24 என எண்ணிட்ட பட்டை அது. இது வெளியானது 2006-இல். அதே ஆண்டில் ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் முற்றிலும் வேறு வழியில் தேடிச்சென்று அதே இடத்தை அடைந்தார்கள். வியப்பு என்னவெனில், அவ்விடத்தில் குறிப்பிடத்தக்க மரபணு எதுவும் இல்லை. அருகில் செல்களின் பெருக்கத்தைத் தூண்டும் ‘மிக்’ என்னும் மரபணு உள்ளது. அதை ஏற்றவும் இறக்கவும் செய்யும் விசைகளே இங்கு இருக்கின்றன எனக் கருதுகிறார்கள். அங்குள்ள மாற்றங்களுள் ஒன்று ஆப்பிரிக்க வழியினரிடம் மட்டுமே காணப்படுவது. அதை உடையவருக்கு ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு.

இன்னொன்றையும் நோக்குவோம். ‘ஹாக்ஸ்-பி-13’ என்னும் மரபணுவில் ஏற்படும் ஒரு பழுது ஆபத்தைப் பன்மடங்கு உயர்த்துகிறது என்று 2012-இல் கண்டார்கள். அப்பழுது வட ஐரோப்பிய வழியினரிடம் காணப்படுவது. மறு ஆண்டு சீனரிடமும் அதே மரபணுவில் பழுது கண்டார்கள், ஆனால் வேறோர் இடத்தில். பின்னர் மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் மூன்றாவது இடத்தில் ஒன்று அகப்பட்டது. ஐரோப்பியரின் பழுதை மட்டும் தேடும் பரிசோதனை, மற்ற இருவரையும் பார்த்து ‘உமக்குக் குறையில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடும். இது சிறு பிழையன்று.

2021-இல் 269 இடங்களையும் சேர்த்து மதிப்பிட்டபோது, ஐரோப்பிய வழியினரின் சராசரியை 1 எனக் கொண்டால், ஆப்பிரிக்க வழியினரின் மரபு ஆபத்து 2.18 ஆகவும், கிழக்கு ஆசிய வழியினருடையது 0.73 ஆகவும் இருந்தது. 2023-இல் அவ்விடங்கள் 451 ஆகப் பெருகின. அந்த ஆராய்ச்சியில் எண்ணப்பட்ட நோயாளிகள் 1,56,319 பேர்; அவர்களுள் 1,22,188 பேர் ஐரோப்பிய வழியினர். ஆசியர் 10,809 பேரே. இந்திய வழியினர் தனியொரு தொகுதியாக அதில் இடம்பெறவில்லை. ஆகவே அந்தக் கணக்கு நம்மவர்க்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் எச்சரிக்கை வேண்டும். மேலும், இவை யாவும் சராசரிகள். வட்டாரத்தின் சராசரி விளைச்சலைக் கொண்டு ஒருவர் தம் வயலின் மகசூலைக் கூற இயலாதன்றோ?

ஆண்களுக்கே உரிய நோயாதலால் தந்தை வழியை மட்டும் விசாரிப்பது பலரிடம் காணும் தவறு. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து இருமடங்குக்கு மேல் உயர்கிறது என்பது உண்மையே. ஆனால் ‘பிராக்கா-2’ என்னும் மரபணுவின் பழுது தாய் வழியாகவும் இறங்கும். பெண்டிருக்கு அது மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோயை விளைவிக்கும். ஆடவர்க்குப் புராஸ்டேட்டில் இளவயதிலேயே தோன்றி விரைந்து பரவும் கொடிய வகையைத் தரும். ஐஸ்லாந்தில் ஒரே மூதாதையிடமிருந்து பரவிய இத்தகைய பழுது ஒன்று மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடம் உள்ளது. அதை உடையவர் இந்நோய்க்கு ஆளானால் மற்றவரைவிட விரைவில் இறப்பதை அந்நாட்டுப் பதிவேடுகள் காட்டின. கிழக்கு ஐரோப்பிய யூத வழியினரிடமும் இம்மரபணுக்களின் பழுதுகள் மிகுதி; ஏறத்தாழ நாற்பதில் ஒருவர் அவற்றைத் தாங்குகிறார். வீட்டுப் பெண்களின் நோயை ஆடவர்கள் தமக்குத் தொடர்பற்றதாக எண்ணுவது எத்தகைய கேடு என்பது இதனால் புலனாகும்.

தொடக்கத்தில் கூறிய இங்கிலாந்துக் கணக்கில் மற்றொரு செய்தியும் உண்டு. நோய் கண்டபின் அதனால் இறப்போர் மூவினத்தாரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. அமெரிக்காவில் கறுப்பர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இருமடங்கு இந்நோயால் இறக்கிறார்கள்; ஆனால் முன்னாள் படைவீரர்க்கென அமைந்த மருத்துவமனைகளில், இருசாராருக்கும் ஒரே சிகிச்சை கிடைக்கும்போது, நோய் கண்டபின் இறப்பதில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நோய் தோன்றுவதில் மரபுக்குப் பங்குண்டு. அதற்குப் பின் நிகழ்வதில் பெரும் பங்கு சிகிச்சைக்கே.

‘பி.எஸ்.ஏ.’ எனப்படும் இரத்தப் பரிசோதனை இந்நோயைத் தேட உதவுகிறது. சுரப்பி வெறுமனே பருத்திருந்தாலும் அவ்வளவு உயரக்கூடுமாதலால், அதை மட்டும் கொண்டு புற்றுநோய் என முடிவு செய்தல் ஆகாது. நோய் உறுதியானாலும் மெல்ல வளரும் வகையாயின் கத்தியை எடுக்காமல் கண்காணித்து வருவதும் உண்டு. மருத்துவரிடம் செல்லும் அன்பர்கள் தந்தை, தமையன், தாய்மாமன், பாட்டன்மார் ஆகியோருக்கு எந்த வயதில் என்ன நோய் கண்டது என்பதையும், தாய், அத்தை, சிற்றன்னை, உடன்பிறந்தாள் ஆகியோருள் எவருக்கேனும் மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் இருந்ததா என்பதையும் வீட்டு முதியோரிடம் கேட்டு, ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்வார்களாக.