மலைச் சாமையும் எரிபொருள் கம்பெனிகளும்

ஜவ்வாது மலையில் ஆடிப் பட்டத்துச் சாமை ஐப்பசியில் அறுப்புக்கு வருகிறது. இறவைக் கிணறு இல்லாத சரிவு நிலத்தில், வானம் தருவதை மட்டும் நம்பி விளையும் பயிர் இது. தாளை மாடு தின்கிறது. தானியம் வீட்டுக்கும் சந்தைக்கும் போகிறது. 100 கிலோ சாமையை அரைத்தால் அரிசி ஏறக்குறைய 60 கிலோ தேறும். மீதி உமியும் தவிடும். இந்த உமி மீதும், மலைச் சரிவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி மீதும், மேட்டு நிலங்கள் மீதும் எரிபொருள் கம்பெனிகளின் கண் விழுந்தால் மலைவாழ் விவசாயிகள் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போதே யோசிக்க வேண்டிய விஷயம். ஏனெனில் மலைக்குக் கீழே இது ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது.

2003-ஆம் ஆண்டு மத்தியத் திட்டக் கமிஷனின் குழு, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. எக்டேருக்கு 3.75 டன் விதை கிடைக்கும் என்பது குழுவின் கணக்கு. இங்கிலாந்தின் டி-1 ஆயில்ஸ் கம்பெனியும் சென்னையின் மோகன் புரூவரிசும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒப்பந்த சாகுபடிக்கு இறங்கின. தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, தரிசிலும் வளரும் என்று சொல்லப்பட்டது. ஆடு மாடு கடிக்காது என்பது உண்மைதான். விஷச் செடியை எது கடிக்கும்? எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும் தீவனத்துக்கு உதவாது, எருவுக்குத்தான் ஆகும்.

தமிழ்நாட்டில் பட்டா நிலங்களில் போட்ட காட்டாமணக்கை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சொன்ன மகசூலில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை என்று கண்டது. தண்ணீர் பாய்ச்ச முடிந்தவருக்கே ஓரளவு தேறும் வாய்ப்பு இருந்தது. ஏழை விவசாயிக்கு நஷ்டம் அதிகம். நிலக்கடலை போட்டிருந்தால் வீட்டுக்கு எண்ணெயும் மாட்டுக்குக் கொடியும் மிஞ்சியிருக்கும். 2009-லேயே டி-1 ஆயில்சின் பெரிய கூட்டாளியான பி.பி. எண்ணெய்க் கம்பெனி அந்தக் கூட்டை விட்டு விலகிவிட்டது. கம்பெனி விலகலாம். மூன்று வருஷச் செடியை வேரோடு பிடுங்கி, பழையபடி கடலை போட வேண்டியவர் நிலத்துக்காரர்தான்.

இதற்காகக் கம்பெனிகளோடு கூட்டே கூடாது என்று சொல்லிவிட முடியாது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி 2008-லிருந்து வேறு விதமாக ஒன்றைச் செய்து பார்த்தது. உலக வங்கி உதவியோடு நடந்த தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தில், காகித ஆலை, தீக்குச்சித் தொழிற்சாலை, மின் உற்பத்திக் கம்பெனி ஆகியவற்றை ஆராய்ச்சியிலேயே பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது. கரூர் காகித ஆலை இதில் உண்டு. மலைக்கு வடக்கே இருக்கும் குடியாத்தத்தின் தீக்குச்சித் தொழிற்சாலையும் உண்டு. எந்த மரம் வேண்டும், எத்தனை வருஷத்தில் வேண்டும் என்று ஆலை சொல்லும். அதற்கேற்ற சவுக்கு, மலைவேம்பு போன்ற ரகங்களைக் கல்லூரி தேர்ந்து கொடுக்கும். விவசாயி, ஆலை, பாங்கி, ஆராய்ச்சி நிலையம் ஆகிய நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் வருவார்கள். நடு மரம் ஆலைக்குப் போனபின் மிஞ்சும் கிளை, பட்டை, நுனிக் கழிவுதான் எரிபொருள். இது கவனிக்கத்தக்கது. எரிபொருளுக்கென்றே பயிர் வைத்தால் விலை கட்டாது; வேறு பயிரின் மிச்சம் எரிபொருளாகும்போதுதான் கட்டுபடியாகும்.

அரியானாவில் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆலையும் இப்படித்தான். புனேயின் பிராஜ் கம்பெனி தன் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாக்கிய முறையில், வருஷத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்ட ஆலை அது. அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். ஜவ்வாது மலையில் சாமைத் தாளைக் கொளுத்துகிறவர் யார்? அது மாட்டின் வாய்க்குப் போகிறது. எனவே தாளைக் கேட்டு வரும் கம்பெனிக்கு இங்கே வேலையில்லை.

உமி விஷயம் வேறு. ஆனால் உமி இலேசானது. ஒரு கன மீட்டரில் நெல் உமி 100 கிலோ அளவே பிடிக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ அதை லாரியில் இறக்கினால், வளைவுகளில் பாதிக் காற்றைத்தான் சுமந்து செல்ல நேரும். அழுத்திக் கட்டியாக்கினால் அதே இடத்தில் பல மடங்கு எடை அடங்கும். ஆகவே கட்டி போடும் இயந்திரம் மலையிலேயே இருக்க வேண்டும். கீழே இருந்தால் வண்டிக் கூலியே விலையைத் தின்றுவிடும்.

விறகிலிருந்து வாயு எடுத்து எஞ்சின் ஓட்டும் முறையும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் வளர்த்த முறை இது. நன்கு உலர்ந்த விறகு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எரித்தால் ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் போனால் தார் படிந்து எஞ்சின் கெடும். உமியை அப்படியே போட்டால் அதன் சாம்பல் உருகிக் கட்டி தட்டி அடைத்துக்கொள்ளும். விறகுக்குக் காட்டைத் தொட வேண்டி வந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். கிராம சபையின் சம்மதமும் அவசியம்.

கம்பெனிக்காரர் வந்து ஒப்பந்தம் நீட்டினால் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். என்ன விலை, அது எடைக்கா ஈரம் கழித்தா. வண்டிக் கூலி யாருடையது. மகசூல் சொன்னபடி வராவிட்டால் பாங்கிக் கடனுக்கு யார் பொறுப்பு. கம்பெனி இடையில் விலகினால் நஷ்ட ஈடு எவ்வளவு. இந்த நான்குக்கும் பதில் இல்லாத தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது.

அதுவரை உமி வீணாக வேண்டியதில்லை. சாமை அரைக்கும் இடத்திலேயே, தானியம் உலர்த்தும் அடுப்புக்கு அதை எரிக்கலாம். ஆறிய சாம்பலை எருக்குழியில் தூவி, அடுத்த ஆடிக்கு முன் நிலத்தில் இறைத்துவிடலாம்.