கட்டளை வரியில் வெளியீட்டு முன்பதிப்பு மேலாண்மை: லினக்ஸ் கெர்னலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
இறுதி வெளியீட்டிற்கு முன் சோதனைக்கு விடப்படும் மென்பொருள் பதிப்பு ‘ரிலீஸ் கேண்டிடேட்’ எனப்படும். இங்கு அது ‘முன்பதிப்பு’ எனச் சுட்டப்படுகிறது. கிட் கட்டளைகளின் வழி முன்பதிப்புகளுக்குப் பெயரிடுதல், அவற்றை வரிசைப்படுத்துதல், பிழையின் தோற்றுவாயைக் கண்டறிதல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்பதிப்பு, கட்டளை வரி, கிட், அடையாளக்குறி, பதிப்பெண்

முன்னுரை
லினக்ஸ் கெர்னலின் முதன்மைப் பதிப்பு ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வாரங்கள் புதிய கூறுகளை இணைப்பதற்கு உரியவை. அதன் முடிவில் முதல் முன்பதிப்பு வெளிவரும். பின்னர்ப் பிழைதிருத்தங்களே பெரிதும் ஏற்கப்படும். 6.1 பதிப்பின் முதல் முன்பதிப்பு 2022 அக்டோபர் 16 அன்று வெளிவந்தது. வாரம் ஒன்றாக எட்டு முன்பதிப்புகள் வந்தபின், டிசம்பர் 11 அன்று இறுதிப் பதிப்பு வெளியிடப்பட்டது.

அடையாளக்குறி இடுதல்
லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட்டில், ‘கிட் டேக்’ என்னும் கட்டளை மூலநிரலின் குறிப்பிட்ட நிலையொன்றுக்குப் பெயரிடுகிறது. ‘-எஸ்’ சேர்த்தால் வெளியிடுபவரின் மின்னணுக் கையொப்பமும் பதிவாகும். ‘-வி’ சேர்த்துப் பெறுநர் அதனைச் சரிபார்க்கலாம். வெளியிட்ட குறியைப் பின்னர் வேறு நிலைக்கு நகர்த்துதல் தகாது. முன்னரே அதனைப் பெற்றவரிடம் பழைய நிலையே தங்கிவிடும். ஒரே பெயர் இருவேறு நிரல்களைச் சுட்டும். சோதிக்கப்பட்டது எது என்பது ஐயத்திற்கு உள்ளாகும். ஆகவே திருத்தம் நேரின் அடுத்த எண்ணே இடப்பட வேண்டும்.

வரிசைச் சிக்கல்
கிட்டின் பதிப்புவாரி வரிசையில் ‘6.1-ஆர்சி1’ என்னும் பெயர் இயல்பாக ‘6.1’க்குப் பின்னரே நிற்கும். பட்டியலின் இறுதிப் பெயரைப் புதியதெனக் கொள்ளும் தானியங்கு நிரல், நிறைவுற்ற பதிப்பை விடுத்து முன்பதிப்பைப் பயனரின் கணினியில் நிறுவிவிடும். ‘வெர்ஷன்சார்ட்.சஃபிக்ஸ்’ அமைப்பில் ‘-ஆர்சி’ எனக் குறித்தால் இக்குறை நீங்கும். டெபியன் பொதிகளில் இத்தேவைக்கு அலைக்குறி (~) பயன்படுகிறது. அக்குறியுடன் பின்னொட்டுப் பெற்ற எண், அது பெறாத எண்ணுக்கு முன் வரிசைப்படும்.

பிழையின் தோற்றுவாய்
நான்காம் முன்பதிப்பில் இல்லாத பிழை ஐந்தாவதில் தோன்றினால், இடைப்பட்ட மாற்றங்களை ‘கிட் பைசெக்ட்’ ஒவ்வொரு சோதனையிலும் பாதியாகக் குறைக்கும். 1000 மாற்றங்களுள் பிழைக்குரிய ஒன்றைக் கண்டறிய ஏறத்தாழ 10 சோதனைகள் போதும். தேடலின் இரு எல்லைகளாகவும் அமைவன அடையாளக்குறிகளே. அவை இடம்பெயர்ந்தால் தேடலின் முடிவும் பிழைபடும்.

முடிவுரை
முன்பதிப்பின் பயன், சோதித்தவர் அனைவரும் ஒரே நிரலைச் சோதித்தனர் என்னும் உறுதியில் அமைகிறது. மாறாத பெயர், சரிபார்க்கத்தக்க கையொப்பம், பிறழாத வரிசை ஆகிய மூன்றும் அவ்வுறுதியைக் காக்கின்றன.