அலுமினியப் படகில் கசிவா?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பலரைப் படகுகளே கரைசேர்த்தன. ஆகவே, செடெனாக் வட்டாரத்தில் சிறு அலுமினியப் படகு வைத்திருப்போர் மழைக்காலத்திற்கு முன்பே அதனைச் சோதித்தல் நன்று.

படகை மரக்கட்டைகள் மீது நன்கு தாங்க வைத்து, உள்ளே நான்கு அங்குல உயரத்திற்கு நீர் ஊற்றுக. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. ஆதலால் நிரம்ப ஊற்றலாகாது. வெளிப்புறம் நீர் துளிர்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்க. பெரும்பாலும் ரிவெட் ஆணிகளிலும் தகட்டு இணைப்புகளிலுமே கசிவு காணப்படும்.

தளர்ந்த ஆணியின் தலைக்குக் கனமான இரும்பை அண்டக்கொடுத்து, மறுமுனையைச் சுத்தியலால் தட்டினால் இறுகும். புதிதாக இடுவது அலுமினிய ஆணியாகவே இருத்தல் வேண்டும். செம்பும் பித்தளையும் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கச் செய்யும். மயிரிழை வெடிப்பைச் சுரண்டித் துடைத்து, நன்கு உலர்ந்தபின் எப்பாக்சி பசை பூசுக. நீண்ட வெடிப்பைப் பற்றவைக்கும் தொழிலாளரிடமே ஒப்படைக்க.

மீண்டும் நீர் ஊற்றிச் சோதித்த பின்னரே படகில் ஆள் ஏற்றுக.