போன் மாதிரி நைட்டு முழுக்க சார்ஜ் போடலாமா? ஆர்.சி கார் பேட்டரியில் இருக்கும் ஆபத்து!

படுக்கும்போது போனை சார்ஜில் போட்டுவிட்டு காலையில் எடுப்பது பலருக்கும் பழக்கம். அதே நினைப்பில் பிள்ளைகளின் ரிமோட் கார் பேட்டரியையும் மாட்டிவிட்டுத் தூங்கினால்? அங்கேதான் சிக்கல்.

போனுக்குள் பேட்டரியைக் கண்காணிக்க ஒரு சர்க்யூட் இருக்கிறது. நிறைந்ததும் அதுவே நிறுத்திவிடும். ஆனால் வேகமாக ஓடும் ஹாபி ரக ஆர்.சி கார்களில் வரும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிகளில் பெரும்பாலும் அப்படி ஒரு காவலே கிடையாது. அந்த வேலையைச் செய்ய வேண்டியது சார்ஜர்தான். சார்ஜருக்குச் சரியாகச் சொல்ல வேண்டியது நாம்தான்.

சார்ஜரில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரியின் வகை. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்டேஜ் லேசாக இறங்கும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. எனவே தவறான மோடில் போட்டால் சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு லிப்போ செல்லுக்கு உச்சம் 4.2 வோல்ட். அதைத் தாண்டினால் சூடு, வாயு, கடைசியில் தீ.

அடுத்து செல் எண்ணிக்கை. பேட்டரி மேல் 2எஸ் என்று இருந்தால் இரண்டு செல், முழு சார்ஜில் 8.4 வோல்ட். 3எஸ் என்றால் 12.6. இப்போதைய சார்ஜர்கள் பல தாமே கண்டுபிடித்துவிடும் என்றாலும், ஸ்டார்ட் அழுத்தும் முன் திரையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எவ்வளவு ஆம்பியர்? 5000 எம்.ஏ.எச் பேட்டரி என்றால் 5 ஆம்ப்ஸ், 2200 என்றால் 2.2. அவசரத்துக்காக இதை ஏற்ற வேண்டாம்.

பேட்டரியில் தடித்த வயர் தவிர, சின்ன வெள்ளை கனெக்டர் ஒன்றும் இருக்கும். 'எதுக்கு அது?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 8.4 காட்டினாலும் ஒரு செல் 4.3, இன்னொன்று 4.1 என இருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து சமன் செய்வது அந்த கனெக்டர் வழியாகத்தான். பேலன்ஸ் மோடில் மட்டுமே சார்ஜ் போடுங்கள்.

பேட்டரி உப்பிப்போனால்?

உள்ளே வாயு உருவாகிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி தட்டையாக்குவது, ஊசியால் குத்துவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அதை மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கினாலே தீப்பிடிக்கலாம்.

இன்னொரு விபரீத ஐடியாவும் சுற்றுகிறது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் சார்ஜர் ஏற்க மறுத்தால், நிக்கல் மோடில் கொஞ்ச நேரம் போட்டு 'எழுப்பி' விடலாமாம். சார்ஜர் மறுப்பதே பாதுகாப்புக்காகத்தான். அதை ஏமாற்றினால் பாதிப்பு நமக்கே.

ஓட்டி முடித்ததும் சூடு ஆறட்டும். டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில், சோபா, திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல், ஆள் வீட்டில் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். லீவு முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால், முழு சார்ஜில் வைக்காமல் ஸ்டோரேஜ் மோடில் செல்லுக்கு சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

புகை வந்தால் கையால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அந்தப் புகை நச்சு. மெயின் சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 101-க்கு அழையுங்கள்.