எண்ணெய் மலிவு, எடை கனம்



"அளவாத்தானே சாப்பிடுறோம், டிரசர்? பிறகு ஏன் உடம்பு போடுது?" என்று பலர் கேட்கிறீர்கள். நாம் சோற்றைத்தான் அளக்கிறோம். எண்ணெயை அளப்பதில்லை.

சாப்பாடு தரும் சக்தியைக் கலோரி என்று கணக்கிடுவார்கள். மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய்க்கு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. ஆனால் அது தட்டில் இடம் அடைக்காது, வயிற்றையும் நிரப்பாது. ருசி மட்டும் கூடும். அதனால் "போதும்" என்று வயிறு சொல்வதற்குள் அதிகம் உள்ளே போய்விடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 24 பெண்களுக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு இரண்டு வாரம், மிகுந்த சாப்பாடு இரண்டு வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். கொழுப்பு குறைந்தபோது நாளுக்குச் சுமார் 2,100 கலோரி சாப்பிட்டு எடை குறைந்தார்கள். மிகுந்தபோது சுமார் 2,700 சாப்பிட்டு எடை கூடினார்கள். இது பேராசை இல்லை; உடம்பு ஏமாறுகிறது.

நம்ம நாட்டில் சமையல் எண்ணெய்க்கு 2007-இல் மானியத் திட்டம் வந்தது. 2016 நவம்பரில் பாட்டிலுக்கு நின்றாலும், 1 கிலோ பை 2 வெள்ளி 50 காசுக்கே கிடைத்தது. மீனும் காய்கறியும் விலை ஏற, எண்ணெய் மலிவாக இருந்தால் ஏழைக் குடும்பம் எதை வாங்கும்? உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 54 பேருக்கு எடை அதிகம். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் அதன் பின்னாலேயே வரும்.

அன்று விடியற்காலை மரம் வெட்டி, பால் வாளி சுமந்த உடம்பு தின்றதை எரித்தது. இன்று பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்யும் நம்ம பிள்ளைகளுக்கு அந்த எரிப்பு இல்லை.

எண்ணெய் விஷமில்லை, உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் வீட்டில் மாதம் 5 பை தீர்ந்தால், ஆளுக்கு நாளுக்குச் சுமார் 33 கிராம், அதாவது 300 கலோரி. கடையில் சாப்பிடும் ரொட்டி சானாய், பொரித்த கோழி இதில் சேராது.

பையிலிருந்து சட்டியில் அப்படியே ஊற்றாதீர்கள். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பொரியலை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள். மற்ற நாளில் மீனைக் குழம்பு வையுங்கள். பொரித்த பலகாரத்தை மேசையில் திறந்து வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கை போகத்தான் செய்யும்!