சுராங்கனி: கடல் தாண்டி வந்த பைலா

'சுராங்கனி' 1970-களில் இலங்கையிலிருந்து கிளம்பிய பொப் பாட்டு. சிங்களமும் தமிழும் கலந்து இதைப் பாடிப் புகழ் பெற்றவர் ஏ. ஈ. மனோகரன்; தமிழ்நாட்டுக்கு அவர் 'சிலோன் மனோகர்'. சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறோம் என்பதுதான் பாட்டின் சேதி. இந்தச் சின்னச் சேதியை வைத்துக்கொண்டு அது இத்தனை காலம் மேடையில் நிற்பதற்கு முதல் காரணம் தாளம்.

அது பைலாவின் தாளம். 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரும், அவர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டுகளில் பிறந்தது பைலா. மட்டக்களப்பில் போர்த்துக்கீசிய வழிவந்த பரங்கியரும், புத்தளம் பக்கத்திலுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அந்த மரபைத் தங்கள் வீட்டு விசேஷங்களில் காப்பாற்றி வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலி பஸ்தியன் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடி நாடு முழுக்கப் பரப்பினார். ஆறெட்டு நடையில் ஓடும் அந்தத் தாளத்துக்கு ஆடத் தெரியாதவரின் தோளும் அசையும்.

தமிழில் பொப் இசைக்கு வழி போட்டவர் நித்தி கனகரத்தினம். 1960-களில் அவர் பாடிய 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழைக் கிட்டாரோடு சேர்த்தது. அந்தத் துணிச்சல் இல்லாமல் மனோகரனின் வெற்றியை நினைத்துப் பார்க்க முடியாது.

பாக் நீரிணையைப் பாட்டு தாண்டியதில் இலங்கை வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. அன்று தமிழ்நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் அந்த நிலையம் கேட்டது. ஆரணி போன்ற பட்டுநெசவு ஊர்களில் குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, காதை மட்டும் கேட்கும் துணை வானொலிதான்; கையும் காலும் கண்ணும் தறிக்குச் சொந்தம். பிறகு சினிமா சேர்ந்துகொண்டது. 1977-இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் 'சுராங்கனி'யைப் பாடினார். பைலாவைக் கேள்விப்பட்டே இராதவர்களின் வாயிலும் அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஏறிவிட்டது.

பாட்டு எளிமையானது, அதுவே அதன் பலம். கிட்டாரில் இரண்டு மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் கைதட்டித் திருப்பிப் பாடலாம். கல்லூரிச் சுற்றுலாப் பேருந்திலும் திருவிழா இன்னிசைக் கச்சேரியிலும் பாடுகிறவர்கள் இடத்துக்குத் தக்கபடி தங்கள் வரிகளைச் சேர்த்துக்கொள்ள அது தாராளமாக இடம் தருகிறது.

1983-க்குப் பிறகு இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளிலும் இரு மொழியும் கலந்த இந்தப் பாட்டைச் சிங்களவரும் தமிழரும் கைவிடவில்லை. எந்த நல்லிணக்க உரையும் எட்டாத தூரத்தை மீன் கொண்டுவரும் ஒரு பாட்டு எட்டியது. அதை வெறும் குத்துப்பாட்டு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

மனோகரன் 1978-இல் வெளியான 'வாடைக்காற்று' என்ற ஈழத்துப் படத்தில் நடித்தார். பின்னர் சென்னைக்கு வந்து தென்னிந்தியப் படங்களிலும் நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். அவருடைய படங்களின் பெயர் தெரியாத தலைமுறையும் 'சுராங்கனி' என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்கிறது.