யமபுரியின் கணக்கர்

காஞ்சிபுரத்தில் தமக்கென்று அமைந்த கோயிலில், வலக்கையில் எழுத்தாணியும் இடக்கையில் ஏட்டுச்சுவடியுமாக வீற்றிருக்கும் சித்திரகுப்தரைத் தரிசிக்கிறவர்கள், சகல ஜீவன்களின் பாப புண்ணியங்களையும் யமதர்மராஜனுக்காக எழுதிவைக்கும் கணக்கர் இவ்வளவு சாந்தமாகவா இருப்பார் என்று சற்றே திகைப்பதுண்டு. யமனுக்கு எருமையும் பாசக்கயிறும் உண்டு. இவருக்கோ எழுத்தாணி ஒன்றே.

அதன் வேலையை அறிந்தால்தான் இவருடைய பாவனை விளங்கும். பனையோலையில் எழுதுகிறவன் மையைத் தொடுவதில்லை. ஓலையை இடக்கையில் பிடித்து, அக்கையின் கட்டைவிரலையே எழுத்தாணிக்கு அண்டை கொடுத்து, குனிந்த தலை நிமிராமல் கீறிக்கொண்டே போவான். கரி பூசித் துடைத்த பிறகே எழுத்து துலங்கும். கீறியதை அழிப்பதோ எளிதன்று. பாபக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது?

மௌனமாக எழுதிக்கொண்டிருக்கும் இவருக்குக் குரல் கொடுப்பவர்கள் நம்மவர்களே. சித்திரைப் பௌர்ணமியன்று தென்பாண்டி நாட்டு ஊர்களில் இவரைச் சித்திரபுத்திர நயினார் என்று அழைத்து, இவர் கதையை ராகமிட்டு வாசிப்பார்கள். பூஜையில் தாளும் பேனாவும் வைப்பதும் உண்டு. வடநாட்டுக் காயஸ்த சமூகத்தார் தீபாவளியை அடுத்துப் பேனாவையும் மைக்கூட்டையும் வைத்து இவரை வழிபடுகிறார்கள். நம் பாட்டிமார்களுடைய பிரார்த்தனையோ இன்னும் சாமர்த்தியமானது: மலையளவு பாபத்தைக் கடுகளவாகவும், கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள்ளும்படி, அந்த நேர்மையான கணக்கரிடமே கூசாமல் கேட்டுவிடுவார்கள்.